ஜப்பான் வண்டிக்குப் பிறந்த வீட்டுச் சீர்

இந்த ஊரில் சர்வீஸுக்கு விட்ட காரைத் திரும்ப எடுக்கப் போவது எனக்கு இன்னமும் கூச்சமான காரியம். சாவியை இரண்டு கையாலும் கொடுப்பார்கள். கதவைத் திறந்துவிடுவார்கள். சாலையில் வருகிறவர்களைக் கைகாட்டி நிறுத்தி என்னை வெளியே அனுப்புவார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. மேலாளர், மெக்கானிக், கவுண்டரில் இருக்கும் பெண் மூவரும் நடைபாதையில் வரிசையாக நின்று இடுப்பை மடித்துக் குனிவார்கள். குனிந்தவர்கள் நிமிரமாட்டார்கள். நான் தெருமுனை திரும்பும்வரை அப்படியே நிற்பார்கள். முனையில் சிவப்பு விளக்கு விழுந்துவிட்டால் பச்சை வரும்வரை என் பின்கண்ணாடியில் மூன்று முதுகுகள் தெரிந்துகொண்டே இருக்கும். வந்த புதிதில், மூன்று பேர் குனிந்திருக்க நாம் பாட்டுக்கு விறைப்பாகப் போவது மரியாதையா என்று தோன்றி, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே நானும் குனிந்து, ஓரத்திலிருந்த பூந்தொட்டியில் இடித்தேன். மூவரும் ஓடிவந்தார்கள். பம்பரைப் பார்த்தார்கள், தொட்டியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடியும் குனிந்தார்கள். நானும் இறங்கிக் குனிந்தேன். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று தெரியாமல் நாலு பேரும் கொஞ்ச நேரம் ஒரு சாமந்திச் செடியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கள்ளக்குறிச்சியில் என் மாமாவின் மெக்கானிக் வண்டியை வழியனுப்புகிற முறை வேறு. பின்பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை. "போ, போ, போய்க்கினே இரு! வழியில எங்கியும் ஆஃப் பண்ணிடாத, அப்புறம் நான் பொறுப்பில்ல!" தெருமுனைவரை அவர் குரல் கூடவே வரும். அந்த அறையிலும் ஒரு மரியாதை இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள நான் கடல் தாண்டி வந்து பூந்தொட்டியில் இடிக்க வேண்டியிருந்தது.

நடு ஜப்பானில், ஒரு கார் கம்பெனியை நம்பிப் பிழைக்கும் சின்ன ஊரில் இருக்கிறேன். அந்தக் கம்பெனிக்குச் சாமான் செய்துகொடுக்கும் இன்னொரு கம்பெனியில் வேலை. ஜப்பானில் கார் இன்ஜினியர் என்றதும் நைனார்பாளையத்தில் என் உறவுக்காரர்கள், முழுக்காரையும் நான் ஒருவனே உட்கார்ந்து வரைகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கார்க் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை ஓடும், பார்த்திருப்பீர்கள். அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது என் வேலை. இருபது வருஷப் படிப்பும் அனுபவமும் கடைசியில் என் ஆள்காட்டி விரலில் வந்து நிற்கின்றன. கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எங்கள் பக்கத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைவரை அதற்கு ஒரே பெயர்தான்: ஜப்பான் வண்டி.

பிறந்த நாட்டில் அந்த வண்டிக்கு உள்ள மதிப்பைக் கேட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனம் உடைந்துபோகும். போர் முடிந்து சோற்றுக்கே வழியில்லாத காலத்தில் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் செய்து தொடங்கிய கம்பெனி அது. அந்த இன்ஜினைத் தூக்கி மூன்று சக்கரத்தின் மேல் வைத்தார்கள், பிறகு நான்காவது சக்கரம் வந்தது, பிறகு கூரையும் கதவும் வந்தன. அப்படிப் பிறந்த வேனை இங்கே வாங்கியவர்கள் மீன் விற்பவர்கள், சலவைக்கடைக்காரர்கள், பாலர் பள்ளி நடத்துபவர்கள். "பழுதாகாது, அவ்வளவுதான்" என்று சக ஊழியர்கள் அந்த வண்டியைப் பற்றிச் சொல்வார்கள். நல்ல பையன்தான், ஆனால் சுவாரசியம் இல்லை என்று வரனைத் தட்டிக்கழிக்கிற குரல். யாரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டதில்லை. யாரும் அதற்குப் பொட்டு வைத்ததில்லை.

அதே வேன் எண்பதுகளின் பிற்பகுதியில், இந்தியக் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து நம் நாட்டுக்கு வந்தபோது கதையே வேறு. என் தாய்மாமன் ராமலிங்கம் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டரை விற்றுவிட்டு அதை வாங்கினார். வண்டி வந்த அன்று நைனார்பாளையமே கூடி நின்று குறை சொன்னது. விரலால் தட்டிப் பார்த்தவர்கள், "இன்னா ராமலிங்கம், பிஸ்கோத்து டின்ன வாங்கிக்கினு வந்துட்ட?" என்றார்கள். மூக்கே இல்லையே, முன்னால் இடித்தால் முதலில் ஓட்டுநரின் முழங்கால்தானே என்றார் ஒருவர். மாமா எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, கரியாலூர் ஏற்றத்தில் விட்டார். பெரிய மூக்கு வைத்த கார்களெல்லாம் பானெட்டைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டு ஓரங்கட்டி நின்ற வளைவுகளில் பிஸ்கோத்து டின் முனகிக்கொண்டே ஏறி வெள்ளிமலையில் போய் நின்றது. இறங்கியவர்கள் ஒருவர்கூட டின் என்று சொல்லவில்லை. "ஜப்பான்காரன் மூளையே மூளை" என்றார்கள். அன்றிலிருந்து அதுதான் வேதவாக்கு.

அந்த வேதவாக்கின் அழகே அது எதற்கும் அசையாது என்பதுதான். வண்டி ஏறினால் ஜப்பான்காரன் மூளை. நின்றுவிட்டால், "லோக்கல் பார்ட்டு போட்டுட்டாங்கப்பா." ஜப்பான் இரும்பு துருப்பிடிக்காது என்று ஒருவர் அடித்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்போது அவர் சாய்ந்து நின்றிருந்த கதவின் ஓட்டை வழியே உள்ளேயிருந்த ஸ்டெப்னி தெரிந்தது. சில வருஷங்களில் கூட்டாளிகள் பிரிந்தார்கள், கம்பெனி நம் நாட்டுக்குக் கும்பிடு போட்டது, ஷோரூமில் வேறு வண்டி நின்றது. வாங்கியவர்கள் கைவிடப்பட்ட பிள்ளைகளானார்கள், ஆனால் பக்தி கூடத்தான் செய்தது. எதிரே இன்னொரு ஜப்பான் வண்டி வந்தால் இரண்டு பேரும் பட்டப்பகலில் ஹெட்லைட்டை அடித்துக்கொள்வார்கள். களமருதூரில் ஒருவர் தன் வண்டியை விற்கும்போது, வாங்குகிறவர் மாமிசம் சாப்பிட்டுவிட்டு ஓட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தபிறகே சாவியைக் கொடுத்தார். சத்தியம் செய்தவர் கோழிக்கடைக்காரர் என்பது வேறு விஷயம்.

மாமா அந்த வேனை மலைக்கும் சமவெளிக்கும் இடையே ஷேர் வண்டியாக ஓட்டினார். காலையில் ஆட்களோடு ஏறுவார், மாலையில் சாமை மூட்டை, தேன் டின், கடுக்காய், பலா, சமயத்தில் ஆடு என்று இறங்குவார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவார். அஞ்சலை அத்தைக்கு அந்த வண்டி ஆகாது. "எம் புருசன் எனக்கு ஒரு தபா தலைவலின்னா தைலம் தேச்சி வுட்டதில்ல. இந்தச் சக்களத்திக்கு மட்டும் நாளு தவறாம எண்ணெ" என்பாள். வேனுக்கு ‘சக்களத்தி’ என்ற பெயர் வீட்டுக்குள் நிலைத்துவிட்டது. மாமா பெட்ஷீட் தேடினால், "உன் சக்களத்தி மேல போத்தியிருக்கும், போய்ப் பாரு" என்று பதில் வரும். அத்தை அதில் ஏறுவதே இல்லை. கள்ளக்குறிச்சி போக வேண்டுமானால் பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். மாமா வேனோடு வந்து பக்கத்தில் நிறுத்தி ஹாரன் அடிப்பார். அத்தை வேறு பக்கம் திரும்பி, வராத பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இனி மொரிடா சானுக்கு வருகிறேன்; இந்த ஊரில் ‘சான்’ என்றால் நம் ‘ஐயா’. என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி சோயாவில் செய்யும் பன்னீர் மாதிரியான டோஃபு விற்கும் கடை வைத்திருந்து, மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். அந்த வேனின் உரிமையாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். யாரும் மதிக்காத வண்டிக்கு ஜப்பானிலும் ஒரு சங்கம் உண்டு என்று தெரிந்தபோது எனக்குத் தூரத்துச் சொந்தத்தைக் கண்டதுபோல் இருந்தது. அவரிடம் அந்த வேனில் மூன்று இருக்கின்றன. மூன்றும் கடைக்குப் பின்னால் மெத்தென்ற துணி போர்த்தித் தூங்குகின்றன. மழையில் எடுக்கமாட்டார். மழை வரும்போல் இருந்தாலும் எடுக்கமாட்டார். வெயில் அதிகமென்றால் பெயின்ட் வெளுக்கும் என்று அப்போதும் எடுக்கமாட்டார். ஆக, வசந்த காலத்தில் நல்ல நாள் பார்த்து, கடையைச் சுற்றி ஒரு நடை ஓட்டி உள்ளே விட்டுவிடுவார். ஒருநாள் என் போனிலிருந்த மாமாவின் வண்டிப் படத்தைக் காட்டினேன். கூரையில் பலாப்பழங்கள், ஜன்னலில் ஆட்டுத்தலை, முன்கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை. மொரிடா சான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுதான் அதைப் பார்த்தார். "இன்னும் வேலை செய்கிறாரா?" என்று கேட்டார். வண்டியைத்தான் ‘செய்கிறாரா’ என்றார்.

சங்கத்து நண்பர்கள் இருவரோடு நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றார். நான் மாமாவுக்குப் போன் போட்டேன். இங்கேதான் எல்லாம் என் கையை மீறிப் போனது. "மாமா, ஜப்பான்லேர்ந்து மூணு பேர் நம்ம வண்டியப் பாக்க வர்றாங்க" என்றேன். மாமா போனை மூடாமலே வீட்டுக்குள் கத்தினார்: "ஏ அஞ்சல! பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்களாம்!"

வாக்கப்பட்டுப் போன பெண்ணை இத்தனை வருஷம் கழித்துப் பிறந்த வீட்டார் பார்க்க வருகிறார்கள். எங்கள் ஊருக்கு அது அப்படித்தான் புரிந்தது. அதை வேறு விதமாகப் புரியவைக்க என்னால் முடியவில்லை, உண்மையில் நான் முயலவும் இல்லை. வண்டியைக் கழுவக்கூட வேண்டாம், உள்ளது உள்ளபடி இருப்பதைத்தான் அவர்கள் ரசிப்பார்கள் என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். போனை அத்தை பிடுங்கினாள். "இன்னா பேசற நீ? பொறந்த வூட்டுக்காரங்க வர்றப்ப அழுக்குப் பொடவையோட நிறுத்தினா, மாமியாக்காரி கொடுமைன்னு என்னத்தான பேசுவாங்க?" சக்களத்தி எப்போது மருமகளானாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "ஆமா, கையை வீசிக்கினா வர்றாங்க? ஏதாச்சும் சீர் கொண்டாருவாங்க இல்ல?" என்று முடித்தாள். அந்தக் கேள்வியை மொரிடா சானிடம் நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு வாய் நிற்காது. பெண் எடுத்த வீட்டுக்குப் பிறந்த வீட்டார் வரும்போது தட்டு வைத்து வருவது எங்கள் வழக்கம் என்று விளக்கினேன். மொரிடா சான் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடையில் வைத்து, "என்ன தேவைப்படுகிறது என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

மாமா கேட்டது ஒன்றே ஒன்று: பிரேக் ஷூ. அதற்குப் பின்னால் இருந்த பயம் எனக்குத் தெரியும். வண்டிக்கு எஃப்.சி. புதுப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வண்டி இனியும் சாலையில் ஓடத் தகுதியானது என்று அதிகாரி பார்த்துச் சொல்கிற சோதனை அது. இந்த முறை தேறாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். தேறாவிட்டால் பழைய இரும்புக்குத்தான். அறுத்து எடை போடுகிறவர் ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்து, வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அன்று இரவு மாமா சாப்பிடவில்லை என்று அத்தை சொன்னாள். சொன்ன குரலில் சக்களத்தி இல்லை.

விருந்தாளிகளோடு நானும் லீவு போட்டு வந்தேன். சென்னையிலிருந்து வாடகைக் காரில் போய் இறங்கியதும் மாமா கேட்ட முதல் கேள்வி, "வேற கம்பெனி வண்டியிலியா கூட்டியாந்த?" என்பதுதான். வேன் வாசலில் நின்றது. ஹெட்லைட் இரண்டுக்கும் மஞ்சள் குங்குமம், முன்பக்கம் முழுக்க மல்லிகைச் சரம், வைப்பரில் கனகாம்பரம். மொரிடா சான் அதன் முன்னால் போய் நின்று, இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நான் சொன்ன அந்தக் குனிவைக் குனிந்தார். "ஒட்சுகரேசாமா" என்றார் வண்டியிடம்.

"இன்னா சொல்றாரு?" என்றார் மாமா.

"ரொம்ப ஒழச்சிட்டீங்க, களச்சிப் போயிருப்பீங்கன்னு சொல்றாரு மாமா."

"எனக்கா, வண்டிக்கா?"

"வண்டிக்கு."

"அது ஒண்ணும் களைக்கலன்னு சொல்லு" என்றார் மாமா, கொஞ்சம் வெடுக்கென்று.

மூன்று ஜப்பானியர்களும் பெட்டிகளைத் திறந்தார்கள். ஒவ்வொரு சாமானையும் பூப்போட்ட பட்டுத் துணியில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். அத்தை அவற்றைப் பிரித்துத் தாம்பாளங்களில் பரப்பினாள். பிரேக் ஷூ ஒரு தட்டில், சுற்றிலும் வெற்றிலை பாக்கு. வைப்பர் ஒரு தட்டில், பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஃபேன் பெல்ட், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், புத்தம்புதிய கியர் குமிழ். தட்டு ஒற்றைப்படையில் வரவில்லை என்று கடைசி நேரத்தில் தெரிந்ததால், மொரிடா சான் தமக்காக வைத்திருந்த தலைவலித் தைலம் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டது. தட்டுகளைப் பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வீட்டுக்கு மேளத்தோடு ஊர்வலம். தட்டேந்திய பெண்களுக்கு நடுவே ஜப்பான் பெரியவர்கள் மூவரும் மாலையோடு நடந்தார்கள்.

"இன்னாடி இது, பொண்ணு வூட்டு சீர்ல பிரேக் ஷூ வருது?" என்றாள் ஒருத்தி.

"உன் வூட்டுக்காரன் குடிச்சிட்டு வர்ற வரத்துக்கு உனக்கும் ஒரு செட்டு எழுதிப் போட்டிருக்கணும் உங்கப்பா" என்றாள் மற்றவள். மொரிடா சான் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். பண்பாட்டு உரையாடல் என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் மலைக்குப் போனோம். விருந்தாளிகளுக்காக வண்டியைக் காலியாக விடுவார் என்று நினைத்தேன். மாமா வழக்கம்போல் கச்சிராயபாளையத்தில் நிறுத்தி, "வெள்ளிமல, வெள்ளிமல" என்று ஆள் ஏற்றினார். மொரிடா சான் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். "பாருங்க, கோயிலுக்குள்ள போற மாரி ஏறுறாரு" என்று மாமா பூரித்துப்போனார். அணையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தம்முடைய மூன்று வேன்களையும் தூறலுக்குக்கூடக் காட்டாதவர் தலையில், கூரைத் தகரத்தின் ஒட்டு வழியாகக் கல்வராயன் மழை சொட்டியது. பக்கத்திலிருந்த மலைக்கார அம்மாள் யூரியா சாக்கு ஒன்றை அவருக்குப் போர்த்திவிட்டு, தன் மடியிலிருந்த ஆட்டுக்குட்டியை அவர் மடிக்கு மாற்றினாள். வளைவுக்கு வளைவு மாமா கியர் மாற்றும்போதெல்லாம் மொரிடா சானின் இடதுகையும் காற்றில் அசைந்தது. இன்ஜின் முனகலைக் கேட்டு அவர் முதலில் புன்னகைத்தார், பிறகு சிரித்தார், பிறகு சாக்குக்குள்ளிருந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். ஆட்டுக்குட்டி அவர் சட்டைப் பொத்தான் ஒன்றைத் தின்றது.

வெள்ளிமலை டீக்கடையில் அவர் சட்டென்று எழுந்து, மாமாவின் முன்னால் நேராக நின்று கேட்டார். இவ்வளவு உழைத்த வண்டியை உலகத்தில் எங்குமே தாம் பார்த்ததில்லை. இதைச் சங்கமே சொந்தச் செலவில் ஜப்பானுக்குக் கொண்டுபோய், பிறந்த ஊரில் ஒரு கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும். இனி மழை வேண்டாம், ஏற்றம் வேண்டாம். அவர், அதாவது வண்டி, ஓய்வெடுக்கட்டும். தயவுசெய்து சம்மதிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கௌரவம் ஜப்பானில் ஒரு வண்டிக்குக் கிடையாது. இரும்புக்கடையிலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல வழியும் கிடையாது. வேகவேகமாக மொழிபெயர்த்தேன். மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்து போய், மழையில் நின்ற வண்டியின் முன்கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். மழை விழுந்துகொண்டிருந்தது, அவரும் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீடு வந்து சேர்ந்தோம். விஷயத்தைக் கேட்டதும் அத்தை கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"தம்பி, நான் சொல்றத அப்படியே சொல்லு அவருக்கு. உங்க பொண்ண நாங்க பட்டினி போட்டமா, அடிச்சமா? இன்னா கொறை வெச்சோம்? சீர் கொண்டாந்துட்டு, அதே கையோட பொண்ணைக் கூட்டிக்கினு போறேன்றாரே, ஊரு இன்னா சொல்லும்? வாழாவெட்டின்னு சொல்லாதா எங்க வூட்டுப் புள்ளைய?"

வாழாவெட்டியை எப்படி ஜப்பானிய மொழியில் சொல்வது? சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். மணமாகிப் போன பெண், மறுபடி பிறந்த வீட்டுக்கே, நிரந்தரமாக... பாதியில் மொரிடா சானே சொன்னார்: "தெமோதோரி." அவர்களிடமும் அந்தச் சொல் இருந்தது. அதே வலியோடு, அக்கம்பக்கத்தார் அதே மாதிரி குரலைத் தாழ்த்திச் சொல்கிற சொல். அவருடைய முகம் சிவந்தது. அத்தையின் முன்னால் தரையில் மண்டியிட்டு, நெற்றி மண்ணில் படுமளவுக்குக் குனிந்தார். பின்னாலிருந்த இருவரும் குனிந்தார்கள். பிறகு மூவரும் வண்டியின் பக்கம் திரும்பி அதனிடமும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டார்கள். அத்தை பதறிப்போனாள். "ஐயய்யோ, சம்பந்தி, ஏந்திரிங்க, ஏந்திரிங்க! நான் ஒரு வாயாடி. நான் சொன்னத ஜாஸ்தியா எடுத்துக்காதீங்க!"

அந்தப் பதற்றத்தின் நடுவிலும் நான் விடவில்லை. "அத்த, எஃப்.சி. தேறலன்னா அறுத்துடுவாங்களே, அதுக்கு ஜப்பானே மேலில்லையா?" என்றேன். மாமா முதல் முறையாக வாயைத் திறந்தார். குரலில் கோபம் இல்லை.

"மாப்ள, உனக்குச் சோறு ஒரு எடத்துல, நெனப்பு ஒரு எடத்துல. படிச்சவன், சமாளிச்சிக்கினு கெடக்குற. வண்டிக்கு அது முடியாதுடா. தேறுதோ தேறலியோ, ஓடிக்கினே கெடந்து போவட்டும்."

அத்தை அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். பெண்ணைப் பார்க்க வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதாம். மாமா வேனுக்குள் ஏறினார். இறங்கும்போது கையில் பழைய கியர் குமிழ் இருந்தது. எண்கள் அழிந்து, ஒருபக்கம் அவர் உள்ளங்கை அளவுக்குக் குழிந்து, கோலிக்குண்டுபோல் பளபளத்தது. கூரை கள்ளக்குறிச்சி பட்டறையில் போட்டது, சீட் ஒரு பழைய பஸ்ஸினுடையது, கதவுகள் எந்தெந்த வண்டியிலிருந்தோ வந்தவை. அது மட்டும் வந்த நாளிலிருந்து மாறவில்லை. தன் துண்டில் சுற்றி மொரிடா சானின் இரண்டு கைகளிலும் வைத்தார். தட்டில் வந்த புதுக் குமிழை அதன் இடத்தில் திருகினார். அதற்கும் அத்தை ஒரு பொட்டு வைத்தாள்.

பிரேக் ஷூ மாட்டி, மொரிடா சான் திரும்பிப் போய் அனுப்பிவைத்த இன்னும் சில சாமான்களையும் மாட்டி, வண்டி எஃப்.சி. தேறியது. ஜப்பான்காரன் மூளையே மூளை என்று ஊர் மறுபடியும் சொன்னது. மெக்கானிக் மட்டும் நாலு நாள் யாரோடும் பேசவில்லை என்று கேள்வி.

குமிழ் இப்போது டோஃபு கடைக்குப் பின்னால், துணி போர்த்திய மூன்று வேன்களுக்கு எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. தொடாதீர்கள் என்று அழகான எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். சங்கத்தார் வந்தால் வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். நான் போனால் மட்டும் மொரிடா சான் பெட்டியைத் திறந்துவிடுவார். நான் மாப்பிள்ளை வீட்டானாம். அந்தக் குழிவில் என் கை பொருந்துவதில்லை. ரப்பரைத் தடவியே மெலிந்த விரல்கள், குழியில் இடம் மிச்சமிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அத்தை. பின்னால் இன்ஜின் முனகல்.

"வண்டியிலியா போற அத்த?"

"பஸ்ஸு வரல" என்றாள். "மாமா உன்கிட்ட இன்னமோ கேக்கணுமாம், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

மாமாவின் குரல் கேட்டது. "மாப்ள, இந்தப் புதுக் குண்டு வழுக்குதுடா. கை இன்னும் ஒத்துக்கல. அங்க பழச யாராச்சும் தொடுறாங்களா, இல்ல சும்மா சாமி மாரி வெச்சிருக்காங்களா?"

"இப்ப எங் கையிலதான் இருக்குது மாமா."

"அப்படியா?" போனுக்குள் முனகல் கனத்தது. "அப்ப சரியாப் புடி. கரியாலூர் ஏத்தம் வந்துட்டுது. மூணுலேர்ந்து ரெண்டுக்கு எறக்கு."

டோஃபு கடையின் பின்கட்டில், கீழே வண்டி இல்லாத ஒரு குமிழை இடதுகையில் இறுக்கிப் பிடித்து, காற்றில் பின்னால் இழுத்து ரெண்டில் போட்டேன். போனுக்குள் இன்ஜின் குரல் மாறியது. பக்கத்து முக்காலியில் இருந்த மொரிடா சான் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். முதல் வளைவு வந்ததும் என்னோடு சேர்ந்து சாய்ந்தார்.